ஆற்றுக்கு அக்கரையில் விட்ட பூனை

அந்த வருஷம் அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

ஐயா. தறி நெய்பவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதுதான் முடிவு.

அம்மா. நூல் சுற்றுவாள். பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவாள். எங்களுக்குச் சோறு ஆக்குவாள். கஞ்சிக்கும் சோற்றுக்கும் ஒரே அடுப்பு.

அத்தை. ஐயாவின் தங்கை. புருஷனும் பிள்ளையும் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள்.

தம்பி. மூன்று வயது.

நான். எட்டு வயது.

பூனை.

வேறு யாரும் இல்லை. மதுரை செல்லூரில் ஒரு சந்தில் ஓட்டு வீடு. முன்பாதியில் தறி, பின்பாதியில் நாங்கள். நடுவில் சுவர் கிடையாது. நூல் மூட்டையும் பழைய சாமானும் போட்டுவைக்க மேலே ஒரு பரண்.

அப்போது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரில் பேச்சு. எங்களுக்குக் குண்டைப் பற்றிக் கவலை இல்லை. நூல் வருமா வராதா என்பதுதான் கவலை. நீங்களும் என் வயதுக்காரர்கள். உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான். வந்த மட்டில் எழுதுகிறேன்.

தறி வீட்டில் பூனை எதற்கு என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். பாவு, தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், நெய்யும்போது அறுந்துபோகாமல் இருக்க அரிசிக் கஞ்சி போடுவோம். கஞ்சி போட்ட நூல் எலிக்குச் சோறு. ஒரு எலி ஒரு தடவை வாய் வைத்தால் ஐந்நூறு இழை போகும். ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் வெடித்துப்போகும். அதற்காகத்தான் பூனை. ஆசைக்கு இல்லை.

செக்கு ஆட்டுகிறவர் வீட்டில் இருந்து ஐயா அதை ஒரு கூடையில் கொண்டுவந்தார். பெட்டைப் பூனை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். பெட்டை என்றால் குட்டி போடும், குட்டிகள் பாவில் ஏறி நூலைச் சிக்காக்கிவிடும். செக்குக்காரர் கடுவன்தான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். ஐயா அவரை நம்பினார். வீட்டில் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. கடுவன் என்றே கூப்பிட்டோம். அதுவே பேராகிவிட்டது.

சாம்பல் கலந்த வெள்ளை நிறம். கண் பழுப்பு. இடது காது நுனியில் கொஞ்சம் இருக்காது.

பூனையோடு ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

விடிவதற்கு முன்னால் அடுப்பு மேட்டில் இருந்து இறங்கும். சாம்பல் ஒட்டியிருக்கும். முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டு, படுத்திருக்கும் எங்களை ஒவ்வொருவராக மோந்து பார்த்துக்கொண்டு போகும். ஐயாவின் காலை. அம்மாவின் கையை. என் வாயை. தம்பியிடம் மட்டும் நின்று, அவன் வயிற்றின் மேல் இரண்டு முன்னங்காலையும் வைத்து மாற்றி மாற்றி மிதிக்கும். அவன் தூக்கத்திலேயே சிரிப்பான். அத்தையை மோக்காது. அத்தை பாயைத் தட்டி விரட்டிவிடுவாள்.

ஐயா தறியில் உட்கார்ந்ததும் அது தறிக்குழியின் ஓரத்தில் உட்காரும். நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கம் போனால் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். ஒரு மணி நேரம் அப்படியே பார்க்கும். பிடிக்கப் போகாது. முதல் மாதம் ஒரு தடவை கை நீட்டி, நாடா அடித்து, மூன்று காலில் நடந்தது. அதோடு சரி. ஐயா அதைப் பற்றி எதிர்வீட்டு மாமாவிடம் சொன்னார், இம்புட்டுப் புத்தி எனக்கு இருந்தால் நான் தறியில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று. ஐயா சொன்ன வேடிக்கைப் பேச்சில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

வெயில் ஏறினால் ஓட்டுச் சந்து வழியாக ஒரு வெளிச்சம் தரையில் விழும். உள்ளங்கை அகலம்தான். அது நகர நகரப் பூனையும் நகர்ந்து படுக்கும். அதை வைத்தே அம்மா உலை வைக்கும் நேரத்தைப் பார்ப்பாள்.

அதற்குச் சாப்பாடு பாதி வயிறுதான். வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது என்று எல்லாத் தறி வீட்டிலும் சொல்வார்கள். உடைந்த கலயத்தின் அடிப்பாதி ஒன்று இருந்தது. அதில் ஒரு கை கஞ்சி. அவ்வளவுதான். நக்கி முடித்த பிறகும் கலயத்தை நக்கிக்கொண்டே இருக்கும். கலயம் தரையில் உரசி நகர்ந்து நகர்ந்து சுவருக்கே போய்விடும். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். நான் என் சோற்றில் ஒரு உருண்டையைப் பாவாடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கருவாடு ஆக்கிய அன்று தலை. எலியும் பிடித்தது. தின்ன வைத்தால் பிடிக்காது என்பது பொய். பிடித்ததைக் கொண்டுவந்து அத்தையின் பாயில்தான் போடும். அத்தையிடம் அது நல்ல பேர் வாங்கப் பார்த்திருக்கும். அத்தை அதைச் சீண்டல் என்று எடுத்துக்கொண்டாள்.

வீடு முழுக்கப் பஞ்சுத் தூசி பறக்கும். நூல் சுற்றும்போது, நெய்யும்போது, உதறும்போது. தண்ணீர்ப் பானையில், அடுப்பு மேட்டில், கண் இமையில். சோற்றில் இழை கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். பூனை மேலும் ஒட்டும். அதன் முடி எது, பஞ்சு எது என்று தெரியாது. நான் உட்கார்ந்து பொறுக்குவேன். பொறுக்கினால் குறுகுறு என்று ஒரு சத்தம் வரும். கையில் ராட்டினம் சுற்றுகிற மாதிரி அதிரும்.

தம்பி அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். கை இல்லாவிட்டால் அழுவான். அவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. ஆனால் பூனை மாதிரிக் கத்துவான். அவன் கத்தினால் அது பதில் கத்தும். இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு மாமா கேட்டுவிட்டு, மாப்ள வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது என்பார்.

ஆடி கழிந்து தம்பிக்கு இழுப்பு வந்தது.

முதலில் இருமல். பிறகு மூச்சு வாங்கியது. பிறகு நெஞ்சுக்குள் இருந்து மெல்லிய ஒரு சத்தம். பூனை கத்துகிற மாதிரி. நம் ஊரில் இழுப்பு வந்த பிள்ளைக்கு நெஞ்சில் பூனை கத்துகிறது என்று சொல்வது வழக்கம்தானே. அத்தை அதைக் கேட்டதும் அடுப்படியில் இருந்து எழுந்து வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவளுடைய பிள்ளை அதே சத்தத்தோடுதான் போனான். அந்த வீட்டிலும் ஒரு பூனை இருந்தது.

“அண்ணே, அதக் கொண்டுபோயி விட்டுருங்க” என்றாள். “நான் ஒண்ணக் குடுத்துட்டு வந்திருக்கேன். இவனையும் குடுக்க என்னால ஆகாது.”

அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குத் தம்பிதான் எல்லாம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கிக்கொண்டு திரிவது எல்லாம் அவள்தான். அம்மாவுக்கு அதற்கு நேரம் கிடையாது.

வைத்தியர் வந்தார். நாட்டு வைத்தியர், நல்ல மனிதர். தம்பியை மடியில் படுக்கப்போட்டு வாயைத் திறந்து பார்த்தார். நாக்கில் வெள்ளையாக ஒரு இழை ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பூனை முடி என்றார். இது வயிற்றுக்குள் போனால் இழுப்பு வரும், பூனை இருக்கும் வரைக்கும் மருந்து கேட்காது என்றார்.

அவர் பேசும்போது அவர் தோளிலும் தலையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஐயா மீசையில் இருந்தது. அம்மா கையில் நூல் கண்டு இருந்தது. அந்த இழையை ஐயா வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷம் நூலைத் தொட்ட கை. அவரும் பூனை முடி என்றுதான் நினைத்தார்.

பூனையைக் கொல்லக் கூடாது. கொன்றால் ஏழு பிறவிக்குப் பாவம். விரட்டினாலும் திரும்பி வரும். அதனால் சாக்கில் கட்டி ஆற்றைத் தாண்டி விட வேண்டும். தண்ணீரைத் தாண்டிய பூனைக்கு வந்த வழி மறந்துவிடும். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

வைகையில் தண்ணீர் இல்லை. அதை யாரும் யோசிக்கவில்லை. ஆறு என்றால் ஆறுதான் என்று நினைத்தார்கள். ஐயா மணலில் நடந்து அக்கரைக்குப் போய் யானைக்கல்லில் காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார். கனக்கிறது, பாதி வயிற்றுக்கே இந்தக் கனமா என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் வெயில் ஏறும்போது அது தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. காலில் மணல்.

எதிர்வீட்டு மாமா சிரித்தார். “என்ன மாப்ள, பொண்ணக் கட்டிக் குடுத்தீகளாக்கும். மறுவீட்டுக்கு வந்திருச்சே.”

ஐயா சிரிக்கவில்லை. அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். பூனை வெளியே போகிற வரைக்கும் வரமாட்டேன் என்றாள். ஐயா மறுபடி சாக்கை எடுத்தார். இந்தத் தடவை தெற்கு வாசலுக்கும் அப்பால். மதுரை முழுவதையும் குறுக்கே கடந்துபோய் விட்டார். ஒரு நாள் தறி நின்றது.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. மெதுவாக வந்தது. உள்ளங்கால் தேய்ந்து ரத்தமாக இருந்தது. என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கலயத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது. எனக்காகத்தான் வந்தது என்று நினைத்தேன். நான் ஊட்டிய சோற்று உருண்டைக்காக. எட்டு வயதில் அப்படித்தான் தோன்றும்.

அன்று மத்தியானம் தம்பிக்குப் பலமாக இழுத்தது. உதடு நீலமாகிவிட்டது. அத்தை பூனையைப் பார்த்தாள். விறகுக் கட்டையை எடுத்தாள். பூனை சுவரில் தாவி ஓட்டில் ஏறி எங்கோ போய்விட்டது.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அதைக் காணவில்லை. ஊரைவிட்டே போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். மத்தியானத்தில் கொல்லைப் பக்கம் வரும். ஒரு நிமிஷம்தான் நிற்கும். உருண்டையை விழுங்கிவிட்டு ஓடிவிடும். உடம்பு வற்றிப்போயிருந்தது. பொறுக்கிவிட உட்கார்ந்தால் உட்காராது. முன்பெல்லாம் அப்படிப் போகாது. கட்டைக்குப் பயந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அத்தை பார்த்துவிட்டாள். என்னையும் பார்த்துவிட்டாள்.

அத்தை என்னை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைக் கோதிவிட்டாள். தம்பி வேண்டுமா, பூனை வேண்டுமா என்று கேட்டாள். தம்பி என்றேன். அப்படியென்றால் நீ கூப்பிடு, நீ கூப்பிட்டால்தான் வரும் என்றாள்.

மறுநாள் மத்தியானம் கருவாட்டுத் தலையை வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன். பூஸ் பூஸ் என்றேன். வந்தது. தின்றுகொண்டிருக்கும்போது ஐயா பின்னால் இருந்து சாக்கைப் போட்டார். சாக்குக்குள் அது இதுவரை கத்தாத ஒரு கத்து கத்தியது. முந்தின இரண்டு தடவையும் கத்தியதில்லை. அத்தை காதைப் பொத்திக்கொண்டாள்.

நானும் வாரேன் என்றேன். ஐயா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆற்று மணல் சுட்டது. ஊற்றுத் தோண்டிப் பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கழுதைகள் நின்றன. வண்ணார் வெளுத்த துணி வரிசையாகக் காய்ந்தது. மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது. ஐயாவின் தோளில் சாக்கு ஆடிக்கொண்டே வந்தது. சாக்குத் துணியைத் துளைத்து நகம் வெளியே வந்து ஐயாவின் சட்டையைக் கிழித்தது. ஐயாவுக்கு அது ஒன்றுதான் சட்டை. அப்படியே நடந்தார்.

திருப்பரங்குன்றம் போகிற சாலையில் ஒரு ஆலமரத்தடியில் சாக்கை அவிழ்த்தார். அது வெளியே வந்ததும் உட்காரவில்லை, நக்கிக்கொள்ளவில்லை. நாங்கள் வந்த பக்கமாகவே திரும்பி ஓடத் தொடங்கியது. ஐயா கல்லை எடுத்து எறிந்தார். அது ஒதுங்கி வேலியோரமாக ஓடியது. இன்னொரு கல். ஐயா ஒரு உயிரின் மேல் கல் எறிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டாவது கல் பின்னங்காலில் பட்டது. அது வேலிக்குள் போய்விட்டது.

“இனி வராது” என்றார். என்னிடம் சொன்னதா தனக்குச் சொன்னதா தெரியவில்லை.

திரும்பும்போது தூறல் போட்டது. மணலில் எங்கள் காலடி ஈரமாக விழுந்தது.

மறுநாள் காலையில் ஊரே ஆற்றங்கரைக்கு ஓடியது. தண்ணீர் வந்துவிட்டது. மேற்கே மலையில் மழை. செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை, மரக்கிளையும் வைக்கோலும் அடித்துக்கொண்டு போனது. பெண்கள் மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டார்கள். அத்தையும் கும்பிட்டாள். நானும் போய் நின்று அக்கரையைப் பார்த்தேன். அம்புட்டுத் தூரத்தில் ஒரு பூனை தெரியுமா. தெரியாது. பாலம் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. பாலம் எதற்கு என்று பூனைக்கு யார் சொல்வது. அது மணலில் வந்து பழகியது.

அதே நாள் நூல் தீர்ந்தது. அடுத்த நூல் எப்போது என்று தெரியாது. ஐயா தறியில் இருந்ததை நெய்து முடித்து இறக்கிவிட்டு, குழியில் இருந்து எழுந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பகலில் தறிச் சத்தம் இல்லாமல் எங்கள் வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. மழை வேறு. தூசி எல்லாம் அடங்கிவிட்டது.

தம்பி நன்றாக இருந்தான்.

இதை நான் நிச்சயமாகச் சொல்கிறேன். தறி நின்ற அன்று சாயங்காலமே அவனுக்கு மூச்சு இறங்கிவிட்டது. மறுநாள் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தான். தறிக்குழிக்குள் இறங்கி விளையாடினான். உதடு சிவப்பாக இருந்தது. பூனைதான் போய்விட்டதே, அதனால்தான் என்று அத்தை சொன்னாள். ஐயா தலையாட்டினார்.

ஆனால் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வீடு அமைதியாகிவிட்டதால் கேட்டது. மெல்லிய சத்தம். விட்டு விட்டு வந்தது. ஓட்டில் மழை பெய்யும்போது கேட்காது. மழை விட்டால் கேட்கும். தம்பி தூங்கும்போதும் கேட்டது. அவன் சாப்பிடும்போதும் கேட்டது. அத்தைதான் முதலில் கேட்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்டது. முதல் நாளைவிட இரண்டாம் நாள் பலமாக இருந்தது.

எனக்குக் கடுவன் திரும்பி வந்துவிட்டது என்று தோன்றியது. மழையில் நனைந்துகொண்டு கொல்லையிலும் சந்திலும் பூஸ் பூஸ் என்று தேடினேன். இல்லை. பரணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். மூட்டைகள்தான் தெரிந்தன. ஏணியை நாங்கள் தொடக் கூடாது.

அம்மா தம்பியின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

“இவன் நெஞ்சுல இல்லங்க” என்றாள் ஐயாவிடம். “வேற எங்கிட்டோ இருந்து வருது.”

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

“மதினி, எம்புள்ளைக்கும் கடைசில இப்பிடித்தான். பூனை போயிருச்சு, அது சத்தம் இவன் உள்ளாற நின்னுபோச்சு. உள்ள எறங்கிருச்சுன்னா நெஞ்சுல காது வச்சாக் கேக்காது.”

அந்த வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அத்தை. அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

தம்பி சத்தம் வந்தபோதெல்லாம் பதிலுக்குக் கத்தினான். கையை மேலே காட்டினான். “மேல, மேல” என்றான். பிள்ளை மேலே யாரையோ பார்த்துப் பேசுகிறது என்று அத்தை அழ ஆரம்பித்தாள். போகிற பிள்ளைகள் அப்படித்தான் மேலே பார்க்கும் என்றாள்.

ஐயா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் வடக்கே நடந்தார். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஆள் இருந்தார். மாட்டுக்குச் சூடு போடுகிறவர். பிள்ளைகளுக்கு இழுப்பு, வலிப்பு என்றாலும் அவரிடம்தான் போவார்கள். மறுநாள் மத்தியானம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த ஆள் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். இருந்தோம். சத்தம் வந்தது. மூன்று தடவை. முன்னைவிடச் சன்னமாக. அவரும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். சத்தம் சுருங்கிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தாங்காது, நல்ல நேரத்தில் கூப்பிட்டீர்கள் என்றார்.

அம்மா ஐயாவைப் பார்த்தாள். ஐயா அடுப்பைப் பார்த்தார். கம்பி அதில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

என்னைக் கொல்லைக்குப் போகச் சொன்னார்கள். போனேன். தம்பியின் சத்தத்தைக் கேட்டேன். நெஞ்சில் ஒன்று, வயிற்றில் இரண்டு. கையை அத்தைதான் பிடித்துக்கொண்டாள் என்று பிறகு அம்மா சொன்னாள். காலை ஐயா.

மறுநாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

நாங்கள் அனைவரும் உட்கார்ந்து கேட்டோம். மழை விட்டிருந்தது. ஒன்றும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அத்தை தரையில் விழுந்து கும்பிட்டாள். ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் நம்பினாள். தான் சொன்னது தப்பு என்று அத்தையிடம் சொன்னாள். எதிர்வீட்டு மாமா வெல்லம் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் அத்தனை சந்தோஷமான நாளை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துப் புண்ணில் சீழ் வைத்தது. மழை ஈரம். தறி வீட்டுக் கழிவு நூலைத்தான் கட்டுக்கு வைத்தார்கள். காய்ச்சல் வந்தது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு மருந்து கொடுக்காமல் போனார். சூடு போட்ட ஒன்பதாம் நாள் காலையில் தம்பி போனான். மூச்சு ஒரு சத்தமும் இல்லாமல் தெளிவாகப் போய் வந்துகொண்டிருந்தது, கடைசி வரைக்கும். அத்தை அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

எனக்கு நாற்பது வயதில் இழுப்பு வந்தது. நானும் வாழ்நாள் முழுக்க நூல் சுற்றியவள். பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, கொஞ்ச நாள் நூலைத் தொடாமல் இருந்தால் தானாகவே குறையும் என்றார். வீட்டில் பூனை இருந்தால் வருமா என்று கேட்டேன். வீட்டில் பூனை இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. சொல்வதற்கு ஆள் இல்லை.

அந்த வருஷத்துக்கே திரும்பி வருகிறேன்.

தம்பி போய்ப் பதினோராம் நாள் நூல் வந்தது. ஐயா புதுப் பாவைத் தறியில் பூட்ட வேண்டும். நெய்யும்போது இழையை அடித்து நெருக்குகிற பழைய பண்ணை ஒன்று பரணில் கிடந்தது. ஏணியைச் சாத்தி ஏறினார். வீட்டில் கொஞ்ச நாளாகவே ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கும், அதையும் பார்த்துவிடுங்கள் என்று அம்மா கீழே இருந்து சொன்னாள்.

ஐயா மேலேயே இருந்தார். பண்ணை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள்.

இறங்கும்போது அவர் கையில் பண்ணை இல்லை. கழிவு நூல் திணித்த பழைய சாக்கு இருந்தது. அதை ஓட்டுச் சந்து வெளிச்சம் விழுகிற இடத்தில் தரையில் வைத்தார். சாக்கின் வாயில் நூல் வட்டமாகக் குழிந்து கிடந்தது, கூடு மாதிரி. அதில் சாம்பல் நிற முடி ஒட்டியிருந்தது. அத்தை வாசலில் தம்பியின் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு உட்கார்ந்தவள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதையும் இது செய், அது செய் என்று சொன்னதே இல்லை.

ஐயா அம்மாவைப் பார்த்து, “நீ சொன்ன” என்றார்.

நான் குனிந்து எண்ணினேன். குட்டிகள் காய்ந்து சுருண்டு, ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. கண் இன்னும் திறந்திருக்கவில்லை. ஒன்றின் வாயில் நூல் இழை இருந்தது. முதலில் மூன்று என்று நினைத்தேன். நூலைப் பிரித்ததில் அடியில் இன்னொன்று இருந்தது.

நாலு.